தெரிவிக்கப்பட்டது

"போனைத் தொடாதீங்கண்ணே."

குனிந்த அண்ணன் அப்படியே நின்றார். சுவரோர மேஜையிலிருந்து ரிசீவர் தன் சுருள் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது, தரைக்கு ஒரு சாண் மேலே. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போட இடம் வேண்டும். ரிசீவரை எடுத்து வைத்துவிட்டு மேஜையை உள்ளறைக்கு நகர்த்தலாம் என்று நினைத்தார். நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

"வர்றவங்க காலைத் தட்டும்மா" என்றார்.

"தட்டட்டும். என்னன்னு கேக்கட்டும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். நேற்றிலிருந்து சின்னவள் இப்படித்தான் இருக்கிறாள், அழ வேண்டிய நேரத்தில் சண்டைக்கு நிற்கிறாள் என்று இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டது அவளுக்கும் கேட்டிருந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள். நாற்பத்தெட்டு வயதாகியும் அந்த வீட்டில் அவள் சின்னவள்தான். அவள் அக்கா பெரியவள் முன்னறைக் கட்டிலில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். காலையில் தலையை வாரிவிட்டது சின்னவள். வகிடு கோணலாகிவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் சீப்பைப் பிடுங்கியிருப்பாள்.

பெரியவள் முப்பது வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓடுகிற பஸ்ஸில் ஏறி ஒரு குரல் கொடுத்தால், பின் சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து சட்டைப்பையைத் தடவுவான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல் வீட்டோடு வந்துவிட்டது. தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அக்காவுக்கு ஆகியும் நிலைக்கவில்லை. இருபது வருஷமாக இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். கைபேசி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று பெரியவள் வீம்பாக இருந்தாள். "என்னைத் தேடுறவங்க வீட்டுக்குப் போன் பண்ணட்டும், நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்பாள்.

நேற்று காலை பதினொரு மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. கம்பம் மாற்றுகிறோம், மூன்று மணிக்கு வரும் என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள். பெரியவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. அது தெரிந்த விஷயம்தான். அதற்காகத்தான் தெருமுனை ஆஸ்பத்திரியின் நம்பர், ஆம்புலன்ஸ் நம்பர், சின்னவளின் ஆபீஸ் நம்பர் மூன்றையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் போனுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அந்த அட்டையைப் பிய்த்துக் கையில் பிடித்தபடி பெரியவள் தரையில் கிடந்தாள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும், தொங்கிய ரிசீவர் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. சத்தம் நிற்காததால்தான் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். சொன்னதோடு நிற்காமல் எழுதியும் வைத்தார்: வீட்டுத் தொலைபேசி இயங்காததால் தாமதம்.

இயங்காது. கரண்ட் இல்லாவிட்டால் அந்தப் போன் இயங்காது. நாலு மாதத்துக்கு முன்னால் கம்பெனி பழைய செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட்டுக்குக் கண்ணாடி இழைக் கம்பி இழுத்து, போனையும் அதே பெட்டியில் சொருகிவிட்டுப் போனது. பழைய கம்பியில் கரண்டும் சேர்ந்தே வரும். தெருவே இருட்டில் கிடந்தாலும் போன் பேசும். இந்தப் பெட்டி அப்படியில்லை. சுவரில் கரண்ட் நின்றால் பெட்டி அணையும், பெட்டி அணைந்தால் போனும் போச்சு. பக்கத்தில் ஒரு பேட்டரி வைத்தால் எட்டு மணி நேரம் தாங்கும். கேட்டவர்களுக்குக் கம்பெனியே பேட்டரி தரும். கேட்டால்தான் தரும்.

இதெல்லாம் சின்னவளுக்கு எப்படித் தெரியும் என்றால், இதைச் சொல்வதுதான் அவள் வேலை. அந்தக் கம்பெனியில் அறிவிப்புப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எண்பது வீடுகளைக் கூப்பிட்டு, கம்பெனி எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். "மின் தடை ஏற்படும் தருணங்களில் தங்களின் குரல்வழிச் சேவை பாதிப்புக்குள்ளாகக்கூடும் என்பதையும், மாற்று மின்னாற்றல் ஏற்பாடு வாடிக்கையாளரின் விருப்பத்துக்குட்பட்டது என்பதையும் இதன்மூலம்..." என்று மூச்சுவிடாமல் போகும் அது. கடைசியில் புரிந்ததா என்று கேட்க வேண்டும். என்னவோ கம்பெனியிலிருந்து பேசுகிறார்கள், சீக்கிரம் வைத்தால் சரி என்று மனிதர்கள் ஆமாம் என்பார்கள். திரையில் ஒரு டிக். தெரிவிக்கப்பட்டது. ஒரு நிமிஷத்துக்கு மேல் போனால் திரையின் மூலையில் கடிகாரம் சிவப்பாகிவிடும். மூன்று சிவப்பு வாங்கினால் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்புவார். பிரிவில் அவருக்கு டிக் சார் என்று பெயர்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. பட்டியல் வந்ததும் ஊழியர்கள் முதலில் தங்கள் சொந்த வீட்டு நம்பர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கூப்பிடாமலே டிக் போட்டுவிடுவார்கள். நம் வீடுதானே, சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இதற்குப் போணி என்று பெயர். "இன்னும் போணி ஆகலையா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொள்வார்கள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சின்னவளும் சிரித்துக்கொண்டே போணி செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, நாள் முழுக்க எண்பது தடவை வாயில் சுழன்ற விஷயம் வாயில் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று அன்றைக்கு அக்காவோடு ஒரு சண்டை. அதற்கப்புறம் இரண்டு தடவை ஞாபகம் வந்தது. ஒரு தடவை பஸ்ஸில், ஒரு தடவை குளிக்கும்போது. ஈரத் தலையோடு வெளியே வந்தவள் துண்டைத் தேடினாள், துண்டு கிடைத்தது, விஷயம் போய்விட்டது. நேற்று பதினொன்றிலிருந்து மூன்று வரை அவள் நாற்பத்தோரு வீடுகளுக்கு அதை வாசித்தாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

பத்து மணிக்கு டிக் சார் வந்தார். ஒரு கையில் பூச்செண்டு, ஒரு கையில் தோல் பை. கட்டிலின் கால்மாட்டில் செண்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சின்னவளுக்கு அன்றைய வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சாவு எப்படி நடந்தது என்று கேட்டார். தொங்கிய ரிசீவரைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு தோல் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். டாக்டர் எழுதிய குறிப்பு காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டது, மேலிடம் சாயங்காலத்துக்குள் பதில் கேட்கிறது, சம்பிரதாயம்தான், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். இந்த நேரத்தில் வந்து தொல்லை பண்ணுவதற்கு மன்னிப்பும் கேட்டார்.

தாளில் இரண்டே வரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி இயங்காது என்ற தகவல் எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. இப்படிக்கு, வீட்டார்.

சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு தெளிவாக எழுதிய ஒரு வாக்கியத்தை அவள் பார்த்ததில்லை. ஜனங்களுக்குச் சொல்லும்போது தருணங்களும் பாதிப்புகளும் வந்துவிடுகின்றன. தங்கள் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் இயங்காது என்று எழுத வருகிறது.

"யாருக்குத் தெரிவிச்சது சார்?"

"பதிவுல இருக்கேம்மா. டிக் விழுந்திருக்கு."

"அந்த டிக்கை யார் போட்டாங்கன்னும் பதிவுல இருக்குமே."

டிக் சார் குரலைத் தாழ்த்தினார். அதனால்தான் நானே வந்தேன் என்றார். கையெழுத்து விழுந்தால் கோப்பு மூடிவிடும். விழாவிட்டால் விசாரணை. விசாரணை என்று வந்தால் ஒரு வீட்டோடு நிற்காது, நாலு மாதப் பட்டியலையும் நோண்டுவார்கள். முதலில் போவது அவள் வேலை. அப்புறம் பிரிவில் மீதி ஆறு பேர். கண்ணாடிக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், தெரியாதா? கண்ணாடி என்பது சின்னவளின் பக்கத்து நாற்காலிக்காரி. காலையில் ஏழு மணிக்கே கைபேசியில் கூப்பிட்டு, பேச முடியாமல் தேம்பிவிட்டு வைத்தவள்.

அந்தப் பெயர் சின்னவளைக் கொஞ்சம் அசைத்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுவரை பேசாமல் இருந்த அண்ணன் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சார் நல்லதுக்குத்தான் சொல்கிறார், வேலையையும் விட்டுவிட்டு இந்த வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறாய் என்றார். நியாயமாகத்தான் பேசினார்.

"போட்டுடும்மா. அவ திரும்பி வரவா போறா?" என்று முடித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அண்ணி.

அறையில் இருந்த எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் அண்ணனை எதிர்த்து நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை.

"என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன அடுத்த வாரம் பஸ்ல என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அவர் மறக்க முயற்சி செய்யும் விஷயம் அது. நிச்சயம் ஆன புதிதில் இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் பஸ்ஸில் போனார்கள். கூட்டத்தில் டிக்கெட் எடுக்கவில்லை. அல்லது, அக்கா இந்த வழித்தடத்தில்தான் இருக்கிறாள், எவன் கேட்கப் போகிறான் என்று எடுக்கவில்லை. பாதி வழியில் ஏறியது அக்காவேதான். டிக்கெட் கேட்டாள். தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்க, அபராத ரசீதில் அவன் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பெண்ணைப் பார்த்து, உன் டிக்கெட் எங்கே என்று கேட்டாள். ஆறு மாதம் அண்ணன் அவளோடு பேசவில்லை. அண்ணி மட்டும் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாத்தனாரை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை.

அண்ணன் போய்க் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

சின்னவளுக்கு அக்காவின் மேல் ஒரு கோபம் பொங்கியது. நீ கூடப் பிறந்த தம்பிக்கே ரசீது கிழித்தவள். அந்தக் கண்டிப்பில் கால் பங்கு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் என்ன, எதற்கு எனக்கு மட்டும் எப்போதும் செல்லம் கொடுத்தாய் என்று மனதுக்குள் சண்டை போட்டாள். கோபம் ஓய்ந்தபோது அவளுக்குப் பேனா வேண்டியிருந்தது. டிக் சார் நிம்மதியோடு தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தார்.

அவள் தெரிவிக்கப்பட்டது என்ற வார்த்தையை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே எழுதினாள்: தெரிவிக்கப்படவில்லை. கூப்பிடாமலே டிக் போட்டது நான். எங்கள் பிரிவில் இது வழக்கம். கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை நீட்டினாள்.

டிக் சார் வாங்கவில்லை. "ஆத்திரத்துல எழுதற. நாளைக்கு வருத்தப்படுவ."

"இன்னிக்கே படறேன் சார்."

"உன்னோட போகாதும்மா இது. ஏழு குடும்பம்."

"கண்ணாடி வீட்டுல பேட்டரி இருக்கா?"

அவர் விழித்தார்.

"அவளும் போணிதான் பண்ணா. அவ பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலம் வரைக்கும் தனியா இருக்காங்க. அந்த வீட்டுல பேட்டரி இருக்கா? சொல்லுங்க." குரல் அவளை அறியாமல் ஏறியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே பார்த்தார்கள். "சரி, உங்க வீட்டுல இருக்கா? உங்கம்மா பகல்ல யாரோட இருக்காங்க சார்?"

டிக் சாரின் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுக்கை. கைக்கெட்டும் தூரத்தில் போன் வைத்திருக்கிறேன், அதனால்தான் நிம்மதியாக வேலைக்கு வர முடிகிறது என்று அவரே பிரிவில் பல தடவை சொல்லியிருக்கிறார். போணி பட்டியலில் அவர் வீட்டு நம்பர் எப்போதும் முதலில் நிற்கும். மரியாதைக்காக ஊழியர்களே அதற்கு டிக் போட்டுவிடுவார்கள்.

அவர் எழுந்தார். தாளை வாங்கி, மடிக்காமல், பையில் வைத்தார். அதை மேலே அனுப்புவாரா, வழியில் கிழித்துப் போடுவாரா என்று அவர் முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை. வாசலுக்குப் போனவர் கேட்டுக்கு வெளியே நின்று கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டில் எடுக்க நேரமாகிறது போல. காதில் வைத்தபடி ரோட்டில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சின்னவள் யாரையும் விடவில்லை. வந்தவர்கள் கட்டிலருகே நின்று, நல்ல மனுஷி, தங்கமான மனுஷி என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினால், உங்கள் வீட்டில் போன் எந்தக் கம்பி என்று கேட்டாள். புதுப் பெட்டி வந்துவிட்டதா, பெட்டிக்குப் பக்கத்தில் பேட்டரி இருக்கிறதா, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனை எடுத்துப் பாருங்கள் என்றாள். தொங்கிய ரிசீவரைக் கையால் காட்டினாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். சாவு வீட்டில் என்ன பேச்சு இது, அதிர்ச்சியில் உளறுகிறாள் பாவம் என்று நாற்காலி வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் அந்த வரிசைக்கே போய் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டார். அவர் மனைவிக்கு இருதயக் கோளாறு, வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

"எனக்கும் ஒரு பொண்ணு போன் பண்ணிச்சும்மா, உங்க கம்பெனியிலேருந்து" என்றார். "கடகடன்னு என்னமோ படிச்சுது. புரிஞ்சுதான்னு கேட்டுது. ஆமான்னேன்."

"புரிஞ்சுதா?"

"இல்ல. அந்தப் பொண்ணு அவசரத்துல இருந்த மாதிரி இருந்துது. எதுக்குத் தொந்தரவுன்னு ஆமான்னுட்டேன்."

அந்தப் பெண் யாராகவும் இருக்கலாம். ஏழு பேரில் ஒருத்தி. ஆனால் இந்தத் தெரு தன் பட்டியலில்தான் வந்தது என்பது சின்னவளுக்குத் தெரியும். முப்பது அடி தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் கம்பெனிக் குரலில் வாசித்திருக்கிறாள், அவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை, அவளுக்கும் அவரைத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அது நான்தான் என்று அவரிடம் சொன்னாள். அவர் அப்படியா என்றார். பிறகு, கரண்ட் இல்லாவிட்டால் போன் பேசாது, அவ்வளவுதானே விஷயம், இதைச் சொல்ல அவ்வளவு நேரம் படித்தாயே என்றார். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. தூக்க நாலு பேர் வேண்டும் என்றார்கள். அண்ணனோடு சின்னவளும் ஒரு பக்கம் பிடித்தாள். பெரியவள் கனத்தாள். வெளியே இறங்கும் முன் அண்ணன் திரும்பி மேஜையைப் பார்த்தார்.

"இப்ப எடுத்து வெச்சிடவா?" என்றார்.

"வெச்சிடுங்கண்ணே."

ஒன்றரை மணிக்கு மயானத்தில் எல்லாம் முடிந்தது. பெரியவள் ஓர் எண்ணும் ஒரு ரசீதுமாக அண்ணன் கைக்கு வந்தாள். திரும்பும் வழியில் பெரிய சாலை முக்கில் சிக்னலுக்கு வண்டி நின்றபோது சின்னவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். எங்கே போகிறாய் என்று அண்ணி கேட்டாள். ஆபீசுக்கு என்றாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணி அவர் கையைப் பிடித்தாள். பச்சை விழுந்து வண்டி போய்விட்டது.

அறிவிப்புப் பிரிவில் ஆறு பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கசங்கிய புடவையும் மண் ஒட்டிய செருப்புமாக அவள் உள்ளே வந்தபோது ஒவ்வொரு குரலாகத் தடுக்கியது. கண்ணாடி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டிக் சார் துக்க வீட்டிலிருந்து வந்து, தாளை அவளிடம் மட்டும் காட்டிவிட்டு, வேறு யாரிடமும் பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டார் என்றாள். எல்லோர் வீட்டுக்கும் பேட்டரி அனுப்பச் சொல்லிக் கிடங்குக்குச் சீட்டு எழுதிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். தாள் மேலே போய்விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எங்களையும் சேத்து எழுதியிருக்கியே" என்றாள். குரலில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. கையை மட்டும் விடவில்லை.

"பசங்களுக்குச் சொல்லிட்டியா?" என்றாள் சின்னவள்.

"காலைல முதல் வேலையாச் சொல்லிட்டேன்."

சின்னவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஊழியர் எண்ணைத் தட்டினாள். திரை திறந்தது. இன்னும் அவளை நீக்கவில்லை. நாளைக்கு நீக்கலாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் நீக்கலாம். அதுவரைக்கும் இது அவள் நாற்காலி. நாலு மாதத்துக்கு முந்தைய அந்தக் காலையின் பட்டியலைத் தேடி எடுத்தாள். முதல் வரியில் அவள் வீட்டு நம்பர், டிக். அடுத்த வரியில் வேறொரு நம்பர், டிக். இந்த நம்பரை அன்றைக்குக் கூப்பிட்டாள். பேசியது முப்பத்தெட்டு விநாடி என்று திரையில் இருந்தது. அவள் டிக்கை எடுத்துவிட்டாள். தெரிவிக்கப்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிடக்கூடாது என்று விதி இருக்கிறது. திரை அதைச் சிவப்பில் காட்டியது. அவள் கூப்பிட்டாள்.

நெடுநேரம் மணி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவரின் குரல் வந்தது. மூச்சிரைத்தது.

"ஐயா, போன் கம்பெனியிலேருந்து பேசறேன். நாலு மாசம் முன்னாடி உங்களுக்கு ஒண்ணு படிச்சேன். அது உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. தப்பு என்னுது. இப்போ ஒழுங்காச் சொல்றேன், கேக்கறீங்களா?"

"சொல்லு" என்றார் சந்தேகமாக.

"உங்க வீட்டுல கரண்ட் போனா இந்தப் போன் பேசாது. டாக்டரைக் கூப்பிட முடியாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது, பெத்த புள்ளையையும் கூப்பிட முடியாது. பக்கத்துல ஒரு பேட்டரி வைக்கணும். கேட்டா நாங்க தருவோம். நீங்க கேக்கணும்."

பிரிவில் யாரும் வாசிக்கவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் சிவந்து, ஒன்றரை நிமிஷம் தாண்டி ஓடியது. அவளுக்குப் பின்னால் அறைக்கதவு திறக்கும் சத்தமும், டிக் சாரின் செருப்பு நடந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் சத்தமும் கேட்டன. அவள் திரும்பவில்லை.

"எப்படிக் கேக்கணும்? நம்பர் இருக்கா?"

"இருக்கு. எழுதிக்கோங்க."

"பென்சில் எங்கயோ கிடக்கும்மா. நான் மெதுவாத்தான் நடப்பேன். வெச்சிடாத."

"வெக்க மாட்டேன்" என்றாள் சின்னவள். "நிதானமாத் தேடுங்க."

ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். கால்களை இழுத்து இழுத்து ஒருவர் நடந்து போகும் சத்தம். ஓர் இழுப்பறை திறந்தது, மூடியது. அடுத்த இழுப்பறை திறந்தது.